அவனுக்கு விழ வேண்டிய அடி

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, எங்கள் ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டுப் பெரியவரைப் பண்ணாடி என்போம். என் அப்பா அவர் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தார். பண்ணாடியின் மகன் தனியாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுததால், துணைக்கு என்னையும் அனுப்பச் சொன்னார்கள். நான் படிக்கப் போன கதை இவ்வளவுதான். அவன் பலகையில் உட்காருவான், நான் பக்கத்தில் மணலில்.

வாத்தியார் ஒரே ஒருவர். அவர் வீட்டுக்குப் பாலும் தவச தானியமும் பண்ணாடி வீட்டிலிருந்து போயின. பண்ணாடி மகனுக்கோ கணக்கு சுத்தமாக வராது. அவன் தப்பாகச் சொன்னதும் வாத்தியாரின் பிரம்பு உயரும், காலையில் குடித்த பால் நினைவுக்கு வந்ததுபோல் ஒரு கணம் நிற்கும், பிறகு என்மேல் இறங்கும். முதல் தடவை, பாவம், குறி தவறிவிட்டது என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். வகுப்பென்றால் யாரையாவது அடித்துத்தானே ஆக வேண்டும் என்றார் அவர்.

அடி வாங்கிய நான் அழமாட்டேன், அவன்தான் தேம்பித் தேம்பி அழுவான். நான் அவனைத் தேற்றுவேன். மறுநாள் டவுசர் பையில் வெல்லம் கொண்டுவந்து தருவான். நல்ல பையன்தான். ஆனால் வெல்லம் தின்றால் முதுகு ஆறிவிடுமா? அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வாய்ப்பாட்டைக்கூட மரியாதையாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏழெட்டு அம்பத்தாறுங்க, சின்னப் பண்ணாடி."

அவன் வேப்பமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே கணக்கைப் புளியங்கொட்டை வைத்து ஒரு விதமாக, மாட்டை வைத்து ஒரு விதமாக, மண்ணில் கோடு கிழித்து ஒரு விதமாகச் சொல்லுவேன். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. எனக்கு எல்லாம் ஏறிவிட்டது.

பிறகு அவனைக் கோயம்புத்தூர் ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். நான் இல்லாமல் போகமாட்டேன் என்று அங்கேயும் அழுதான். என் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் பண்ணாடியே கட்டினார். டவுனில் அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டு மாடியில் அவன் படுத்தான், கீழே பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நான். மெத்தை என்னவோ எனக்குத்தான் வாய்த்தது.

டவுன் வாத்தியார்கள் யார் வீட்டுப் பாலும் குடிக்கவில்லை. தப்புச் செய்தவனையே அடித்தார்கள். முதல் அடி விழுந்ததும் அவன் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இப்பிடியாடா வலிக்கும்? நீ சொல்லவே இல்லியே."

நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், நான் தேறினேன், அவன் தேறவில்லை. பண்ணாடி வண்டியோடு வந்து இரண்டு பேரையும் மூட்டையைக் கட்டச் சொன்னார். அவருக்கு என்மேல் கோபமில்லை. மகன் ஊருக்கு வந்துவிட்டால் துணைக்கு இங்கே என்ன வேலை? நான் என் புத்தகங்களை மூட்டையில் வைத்துக் கட்டினேன். ஊருக்குப் போகலாம் என்று வந்த நாளிலிருந்து நச்சரித்தவன் அவன். வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னொருக்கா எழுதிப்போடறனுங்கப்பா. படிக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க" என்றான்.

நான் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடிக்கும்வரை அவன் நாலாம் பாரத்திலேயே, அரும்பு மீசையோடு, பொடியன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அங்கே பிரம்படியும் அவனுக்குத்தான். நான் தேறிய செய்தி வந்த அன்றே புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். எனக்கு ஒரு பஞ்சாலை ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. என் தங்கையைப் பள்ளிக்கூடத் துணைக்குக் கேட்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை. அவள் பருத்தி எடுக்கப் போனாள்.

லீவில் போனபோது பண்ணாடி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மனுஷர் நொந்துபோயிருந்தார்.

"அத்தன ஆசையாப் படிச்ச பையன் திடீர்னு உட்டுப்போட்டான். நீயாச்சும் எடுத்துச் சொல்லு கண்ணு."

மறுக்க முடியுமா? வெங்காயக் காட்டில் நின்றவனிடம் போய், உங்களை மறுபடியும் படிக்கச் சொல்கிறார் உங்கள் அப்பா என்றேன். அவன் வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.