பதிவு செய்த எண்

அந்தக் கம்பெனிக்காரர்கள் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையெல்லாம் சேர்த்துக் கட்டினால் ஒரு நல்ல சுயமுன்னேற்றப் புத்தகம் போடலாம். உங்கள் வணிகம் வளரட்டும், உங்கள் கனவுக்கு ஒரு முகவரி என்று வாரம் தவறாமல் வரும். இணையத்தில் ஒரு பெயரை வாடகைக்கு விடுவதும், அந்தப் பெயரிலேயே மின்னஞ்சல் பெட்டி ஒன்று கொடுப்பதும் அவர்கள் தொழில். எங்கள் மிளகை விற்க அப்படி ஒரு பெயரை என் மகன் வாங்கியிருந்தான். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சாமை, மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கு என்று பிழைக்கிற எங்களிடம் அவர்கள் விற்கப் பார்த்த புதுச் சேவைகளைப் படித்தால் சிரிப்பு வரும். கடிதத்தைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவாம். உலகம் முழுக்க ஒரே நொடியில் திறக்கும் பக்கமாம். அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, நான் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். படிக்காமல் எதையும் அழிக்க மாட்டேன். அந்தக் குப்பைக்கு நடுவில்தான் என் மகன் எழுதுவான்.

அவன் எழுதுவதைக் கடிதம் என்று சொல்ல முடியாது. அவனே செய்த இணையதளத்தின் அடியில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மிளகு வேண்டுகிறவர்கள் அதில் பெயர், முகவரி, செய்தி எழுதி அனுப்பினால் எங்கள் பெட்டியில் வந்து விழும். வீட்டை விட்டுப் போன பிறகு அவனும் அதில்தான் எழுதினான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கைக்கு வந்த ஏதோ எழுத்துகள். 'நல்லா இருக்கேன். தேட வேண்டாம்.' அடுத்தது வர ஒரு வருடம் ஆனது. 'அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?' கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? பக்கம் பக்கமாக எழுதினேன், என் புது போன் எண்ணையும் போட்டு. அப்படி ஒரு முகவரியே கிடையாது என்று திரும்பி வந்துவிட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கல்லூரி முடித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவன் அவன். வியாபாரி சொல்கிற விலைக்கு ஏன் தலையாட்ட வேண்டும், நாமே விற்கலாம் என்றான். இணையதளம் வைத்தான். முதல் பெரிய ஆர்டர் வந்தபோது தை மாதம். பனி விட்டபாடில்லை. இன்னும் காயட்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவன் அவசரப்பட்டு மிளகைப் பைகளில் அடைத்து ஒட்டி அனுப்பிவிட்டான். போன சரக்கு மொத்தமும் பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போதே, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் இவர் அவனைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இப்போது எழுதவும் எனக்குக் கூசுகிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் மலை இறங்கிவிட்டான். நாலு வருடம் ஆகிறது.

போன ஆனியில் அந்தக் கம்பெனியிடமிருந்து 'சேவை மேம்பாடு' என்ற தலைப்பில் ஓர் அஞ்சல் வந்தது. மேலே வழக்கம்போலப் புதுத் திட்டங்கள், வண்ண வண்ணமாக. அடியில் பொடி எழுத்தில் விஷயம் இருந்தது. பழைய திட்டம் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது. அதிலுள்ள அஞ்சல் பெட்டியும் தொடர்புக் கட்டமும் நீக்கப்படும். வேண்டுமென்பவர்கள் புதுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டை இடித்துவிட்டு, இடித்த இடத்தில் கோலம் போட்டுக் காட்டுவதற்குப் பெயர் மேம்பாடு.

சரி, மாறித் தொலைவோம் என்று பொத்தானை அழுத்தினேன். பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எண்ணை நட்சத்திரங்களால் மறைத்து, கடைசி இலக்கங்களை மட்டும் காட்டியது. அது மளிகைக் கடைக்கார அண்ணனின் பழைய நம்பர்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. டவர் வருவதற்கு முன்னால் சிக்னல் கிடைத்தது மேட்டில் இருந்த அந்த மளிகைக் கடையில் மட்டும்தான். அதனால் எந்தப் படிவத்தில் போன் நம்பர் கேட்டாலும் ஊரே அவர் நம்பரைத்தான் எழுதும். கேஸ், ரேஷன், பேங்க், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் அதே நம்பர். யாருக்கு என்ன வந்தாலும் அவர் கடை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கேட்டவர்கள் மேடேறிப் போவார்கள். ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரே எண் அதுதான். என் மகனும் அதையே பதிந்திருக்கிறான். அவன் போன அடுத்த வருடம் டவர் வந்தது. ஆளுக்கொரு சிம் வாங்கினோம். எல்லா இடத்திலும் போய் எண்ணை மாற்றினோம். இது ஒன்றை யாரும் நினைக்கவில்லை.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். ஒரு பெண் நன்றாகத் தமிழ் பேசினாள்.

"பதிவு செஞ்ச நம்பருக்குத்தான் மேடம் ஓடிபி போகும். நம்பரை மாத்தணும்னா பதிவு செஞ்சவரே அடையாள அட்டையோட எங்களுக்கு எழுதணும். அவர் எங்க இருக்கார் மேடம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கண்ணு உங்கிட்டப் பேசறேன்?" என்றேன்.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

மேடேறிக் கடைக்குப் போனேன். "அது செத்துப்போன நம்பருங்க டீச்சரம்மா," என்றார் அண்ணன். "டவர் வந்த பொறவு யாரு அதுல பேசறாங்க? காசு போடாம உட்டுட்டனுங்க. சிம்மு எங்க கெடக்குதோ." மனசு கேட்காமல் அங்கேயே நின்று அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விட்டுப்போன எண்ணை சிம் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறது.

எடுத்தது ஒரு பெண். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம். நான் இன்னார், இன்ன ஊர் என்று சொல்லி, "இந்த நம்பருக்கு இப்ப ஒரு ஓடிபி வருமுங்க. அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று அங்கன்வாடிக்கு வருகிற தாய்மார்களிடம் தொண்டை கிழியச் சொல்பவள் நான்.

"எத்தனை பேரு கெளம்பியிருக்கீங்க இந்த மாதிரி?" என்றாள். வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன். மகனைப் பற்றிச் சொன்னேன். "போன வாரம் ஒருத்தி புருஷன் ஆஸ்பத்திரில கெடக்கான்னு சொல்லி எங்க பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஓடிபி வாங்கினா. பேங்க்ல இருந்த மொத்தமும் போச்சு," என்றாள். அவள் செய்தது முழுக்கச் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது முறை அழைத்தபோது மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. கம்பெனியிடமிருந்து நினைவூட்டல்கள் வந்தபடி இருந்தன. உங்களை இழக்க நாங்கள் விரும்பவில்லை என்று ஒன்று. அதைப் படித்துவிட்டு, சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கையோடு உட்கார்ந்து அழுதேன். அவன் எழுதிய இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டாகிவிட்டது. என் பயம் இனி எழுதப்போவதைப் பற்றியது. ஒருநாள் அவனுக்கு ஏதோ தோன்றி அந்தப் பக்கத்தைத் திறந்து, பக்கமே இல்லை என்று வந்தால் என்ன நினைப்பான்? பெற்றவர்கள் அதையும் இழுத்து மூடிவிட்டார்கள் என்றுதானே நினைப்பான்?

மாதத்தின் கடைசி நாள். மத்தியானம் காட்டிலிருந்து இவர் வந்ததும், "உங்க போனைக் குடுங்க," என்றேன்.

"எதுக்கு அம்மிணி?"

எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி வலி பற்றி அவன் எழுதியதை முன்பே படித்துக் காட்டியிருக்கிறேன். அன்று 'ம்' என்றதோடு சரி. இன்றும் அந்த 'ம்'தான் வரும் என்று கை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் போனைக் கொடுக்கவில்லை. நம்பரைக் கேட்டார். அவரே போட்டார். நான் என் போனில் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மிணி, வெச்சராதீங்க," என்றார், அவள் எடுத்த உடனே. "நான் ஏமாத்தறவன் இல்லீங்க. கொல்லிமலைல இருந்து பேசறனுங்க. எம்பையன் ஊட்ட உட்டுப் போயிட்டானுங்க. நாந்தானுங்க காரணம். நாலு சனத்துக்கு முன்னால பேசக்கூடாத பேச்சுப் பேசிப்போட்டனுங்க. அவன் எங்களுக்கு எழுதறதுக்கு இருக்கறது அந்த ஒரு எடந்தானுங்க. இன்னிக்கோட அதையும் மூடறாங்களாமா."

இப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்பீக்கரில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"உங்க பையனும் உங்களை மாதிரியேதான் பேசுவானாய்யா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாங்க. ஏனுங்க?"

"இந்த நம்பருக்கு ஒரு பையன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்யா. கடை அண்ணனுங்களா, எங்கம்மாவைக் கொஞ்சம் கூப்பிடறீங்களான்னு கேப்பான். ராங் நம்பர்னு வச்சிடுவேன். கொஞ்ச நாள் கழிச்சு வேற ஏதாவது நம்பர்ல இருந்து மறுபடி வருவான். எவனோ வம்பு பண்றான்னுதான் நெனச்சேன். போன பொங்கலன்னிக்குக் கூப்பிட்டப்ப, இனிமே வந்தா போலீஸுக்குப் போவேன்னு கத்திட்டேன்யா."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் வரலைக்கா."

எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டான் என்று கேட்டேன். எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றாள். அழுதுகொண்டே ஓடிபியைப் படித்தாள். ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினேன். ஒருமுறை தவறிப்போய், அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு சரி குறி வந்தது. வாழ்த்துகள், உங்கள் புதிய பயணம் தொடங்கிவிட்டது என்று உடனே ஓர் அஞ்சலும் வந்தது. பெட்டி பிழைத்தது. கட்டம் பிழைத்தது. இத்தனை நாள் எதற்காகத் தவித்தேனோ அது கையில் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

இவர் இன்னும் போனை வைக்கவில்லை. "அம்மிணி, நீங்க வருத்தப்படாதீங்க. உங்க மேல தப்பில்லீங்க," என்றார். "அந்த நம்பர மட்டும் உட்றாதீங்க. வேற சிம்மு மாத்திறாதீங்க. மாசாமாசம் ரீசார்ஜ் நான் பண்ணி உடறனுங்க."

அன்றே இணையதளத்தின் முதல் பக்கத்தில், மிளகு விலைக்கும் மேலே, என் எண்ணைப் பெரிதாகப் போட்டேன். இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதம் பிறந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடேறிக் கடைக்குப் போய், முகம் தெரியாத அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் காசு போடுகிறார். போட்டுவிட்டு அங்கிருந்தே அவளை அழைத்து, பையன் கூப்பிட்டானுங்களா என்று கேட்கிறார். இன்னும் இல்லைய்யா என்கிறாள். இந்த மாதமும் அதையே சொன்னாள். சரிங்க என்று வைத்துவிட்டு, இனி ஒரு வருடத்துக்குச் சேர்த்தே போட்டுவிடச் சொன்னார் கடைக்கார அண்ணனிடம்.