போகட்டும், இருக்கட்டும்

அக்கா வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கண் சோதிக்கும் அறைக்கு வெளியே, பிரேம்கள் மாட்டிய சுவருக்கு எதிரே அவள் மேசை. வருகிறவர் ஒரு பிரேமை மாட்டிக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். கருவிழிக்கு நேரே கண்ணாடியில் அவள் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். காதோரம் வலிக்கிறது என்று திரும்பி வருகிறவர்களுக்குப் பிரேமின் காலைச் சூடான காற்றில் காட்டி, இதமாக வளைத்துக் கொடுப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு கதை எழுதுவாள். முதலாளிக்குத் தெரியும். ஏதோ கேட்க வருவார், அவள் முகத்தைப் பார்ப்பார், சுவரில் நேராக இருக்கும் பிரேமை இன்னும் கொஞ்சம் நேராக்கிவிட்டுப் போய்விடுவார்.

அவள் எழுதுவது ‘எழுதிப் பார்ப்போம்’ என்ற இணையக் குழுவில். நானும் அதில் உறுப்பினர், ஆனால் ஒரு வரி எழுதியதில்லை. மொழிபெயர்த்து வரும் கையேடுகளில் பிழை பார்ப்பது என் தொழில் என்பதால், அக்கா அத்தியாயங்களை முதலில் எனக்கு அனுப்புவாள். நான் திருத்தி அனுப்பினால் குழுவில் போடுவாள்.

குழுவில் யாரும் சொந்தப் பெயரில் இல்லை. அக்காவின் பெயர் ‘தெளிவு’. கடையில் நாள் முழுக்க ‘இது தெளிவா, அது தெளிவா’ என்ற சத்தத்தைக் கேட்டு வைத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஆலோசனை சொல்பவர் ஒருவர் ‘முற்றுப்புள்ளி’. அவர் இதுவரை எந்தக் கதையையும் முடித்ததில்லை. குழுவை நடத்தும் அட்மின் சார் பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அத்தியாயம் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், ‘உங்க வண்டி போயிடுச்சு, அடுத்த வாரம் வாங்க’ என்று எழுதிவிடுவார். மற்றபடி எல்லாக் குழுக்களையும் போலத்தான். படிக்காமலேயே ‘அருமை’ போடுகிறார்கள் என்று ஒருவர் புலம்புவார். அதற்குக் கீழே நான்கு பேர் ‘அருமை’ போடுவார்கள். வீட்டில் மதிப்பில்லை, எழுத இடமில்லை, கழிப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று ஒரு பெண் எழுதியபோது மட்டும் யாரும் வேடிக்கை செய்யவில்லை.

தொடர்கதைக்கு அட்மின் சார் ஒரு விதி வைத்திருந்தார். அத்தியாயத்தின் முடிவில் எழுதுகிறவர் இரண்டு வழிகளைக் கொடுக்க வேண்டும். வாசகர்கள் எதற்கு அதிகம் ஓட்டுப் போடுகிறார்களோ அந்த வழியில்தான் கதை போக வேண்டும். முன்பெல்லாம் தொடரைப் பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறவரும் ஓடினார், படிக்கிறவரும் ஓடினார். ‘ஓட்டுப் போட்டவன் ஓடிப் போகமாட்டான்’ என்பது அவர் கண்டுபிடித்த பழமொழி.

அக்கா முதல் தொடரைத் தொடங்குமுன் குழுவில் யோசனை கேட்டாள். முற்றுப்புள்ளி உடனே வந்தார். கடைசியில் வைக்கப்போகிற காட்சியைத் தூக்கி முதலில் வையுங்கள், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள் என்றார். அக்கா அதை அப்படியே செய்தாள். முதல் அத்தியாயத்தின் முடிவில், கணவன் வீட்டைவிட்டுத் தனியாக ஓர் அறை பார்த்து வைத்திருக்கும் ஒரு பெண், கையில் பையுடன் வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கீழே இரண்டு வழிகள். ஒன்று, போகட்டும். இரண்டு, இருக்கட்டும்.

இருக்கட்டும் ஜெயித்தது. எங்களுக்கு ஆச்சரியம். ஒரு வாசகி காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாள்: ‘போயிட்டா கதை முடிஞ்சிடுமே சிஸ்டர்.’

அக்கா மழை பெய்ய வைத்தாள். அந்தப் பெண் உள்ளே திரும்பினாள். அத்தியாயத்தின் முடிவில் மழை விட்டு, மறுபடி பையை எடுத்தாள். மறுபடியும் இருக்கட்டும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் பையின் வார் அறுந்தது. கணவன் ஊரிலிருந்து ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அந்தப் பெண் கேட்டருகே வந்துவிடுவாள், ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து அவளை உள்ளே அனுப்புவார்கள். தொடர் குழுவில் முதலிடத்துக்கு வந்தது. புலி வாலைப் பிடித்தவள் போல அக்கா எழுதிக்கொண்டிருந்தாள்.

‘வேற வழி குடுத்துப் பாரேன்’ என்றேன். அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை எப்படியாவது ஒரு முறை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன் என்றாள். விதியை மீறி எழுதிவிடேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் மாட்டுகிறவருக்குத் தலை சுற்றும், ஒரு தடவை ஏமாற்றினால் அதற்கப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள் என்றாள்.

அக்கா வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் மாமியார் கொடுமைக்காரி இல்லை. சத்தமாகக் கூடப் பேசமாட்டார். ஆனால் அக்கா இல்லாவிட்டால் அவருக்கு வீட்டில் எதுவும் கண்ணில் படாது. அவள் கணவரான மாமாவுக்கும் அப்படித்தான். அவர் கிண்டல்காரர், அடித்ததில்லை, திட்டியதில்லை. அக்கா கைப்பேசியை எடுத்தால், ‘எழுத்தாளரம்மா, அப்படியே என் சட்டைக்கு ஒரு பட்டனும் எழுதிக் குடுத்துடுங்க’ என்பார். வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே ஊசியை எடுப்பாள். அந்த வீட்டைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாது. சொன்னால் சொல்பவளைத்தான் பார்ப்பார்கள்.

தான் சொன்ன யோசனை சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது என்று தெரிந்தோ என்னவோ, ஒரு வாரம் முற்றுப்புள்ளியே குழுவில் வந்து வேண்டிக்கொண்டார். ‘அந்தப் பொண்ணுக்கு நின்னு நின்னு கால் வீங்கியிருக்கும். விட்டுடுங்கப்பா, புண்ணியமாப் போகும்.’ அதைப் படித்துச் சிரித்தவர்கள் பலர் அந்த வாரம் ‘போகட்டும்’ பக்கம் ஓட்டுப் போட்டார்கள். கழிப்பறையில் எழுதும் பெண் தன் தோழிகளையெல்லாம் கூட்டி வந்தாள். நானும் வழக்கம் போல அதற்கே ஒரு ஓட்டுப் போட்டேன். நேரம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம்.

பணிமனைக்காரருக்கு அப்படியொரு நிலைமை வந்ததில்லை. யோசித்துவிட்டு அறிவித்தார்: எழுதுகிறவருக்கும் ஒரு ஓட்டு உண்டு, ஞாயிறு மாலைக்குள் தெளிவு அவர்கள் போட வேண்டும், அதுவே முடிவு.

நான் உடனே அக்காவை அழைத்தேன். ‘போட்டாச்சா?’ என்றேன். ‘போடறேன், போடறேன்’ என்றாள். ‘அதுக்கு முன்னாடி ஞாயிற்றுக்கிழமை உன் ரூமுக்கு வரட்டுமா?’

நான் அந்த அறையில் குடியேறி இரண்டு வருடமாகிறது. அக்கா வந்ததே இல்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். ஒற்றைக் கட்டில், ஜன்னலோரம் மின்னடுப்பு, கதவின் பின்னால் துணிக்கொடி, பாதி காய்ந்த என் துண்டு. குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் தகரச் சுவர்தான். அதையும் வெகுநேரம் பார்த்தாள்.

‘காலைல எழுந்ததும் முதல்ல என்ன சத்தம் கேட்கும்?’ என்றாள்.

‘கிடங்கு ஷட்டரைத் தூக்குவாங்க.’

‘அதுக்கப்புறம்?’

‘அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை.’

‘உள்ள யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல. அப்ப என்னடி பண்ணுவ?’

டீ போடுவேன், சில நாள் போடாமல் படுத்திருப்பேன் என்றேன். அவள் தலையாட்டினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். நான் அடுப்பைப் போடத் திரும்பிக்கொண்டேன். எழுதட்டும் என்று சத்தமில்லாமல் பாத்திரத்தை வைத்தேன். டீ கொதித்து, வடிகட்டி, ஆறவும் ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது திரையில் ‘அவள் கேட்டைத் திறந்தாள்’ என்று மட்டும் இருந்தது.

அப்போது மாமா அழைத்தார். அவருடைய அம்மாவின் முழங்கால் தைலத்தைக் காணவில்லையாம். அக்கா எழுந்திருக்காமல், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், மருந்துச் சீட்டுகளுக்குப் பின்னால், மூடி சரியாக மூடாமல் இருக்கும், சாய்க்காமல் எடுங்கள் என்றாள். அந்த முனையில் மாமா ‘கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு’ என்றது எனக்கே கேட்டது. பிறகு, தங்கச்சிக்கு இப்போ எப்படி இருக்கு என்று அன்பாக விசாரித்தார்.

‘பரவாயில்லைங்க. கிளம்பிட்டேன்’ என்றாள் அக்கா.

டீயை நின்றுகொண்டே குடித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது நான் கேட்டுவிட்டேன். ‘போகட்டும்தானே போடப் போற?’

‘பின்ன?’ என்றாள்.

மாலையில் அட்மின் சார் முடிவை அறிவித்தார். எழுத்தாளரின் ஓட்டு: இருக்கட்டும்.

குழு பூங்கொத்துகளாலும் இதயங்களாலும் நிரம்பியது. எங்கள் மனசைப் புரிந்துகொண்ட எழுத்தாளர் என்றார்கள். முற்றுப்புள்ளி ‘நீங்களுமா மேடம்’ என்று மட்டும் போட்டார். சற்று நேரத்தில் கழிப்பறையில் எழுதும் பெண் குழுவைவிட்டு விலகினாள் என்று ஒரு வரி வந்தது. அந்த வரியும் பூங்கொத்துகளுக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

மறுநாள் கடைக்குப் போனேன். அக்கா ஒரு பெரியவருக்குப் பிரேம் மாட்டிக்கொண்டிருந்தாள். நேராகப் பாருங்கள், என் நெற்றியைப் பாருங்கள் என்று சொல்லிப் புள்ளி வைத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவளே சொன்னாள்.

‘கேட்டுக்கு இந்தப் பக்கம்னா கண்ணை மூடிட்டு எழுதுவேன். அந்தப் பக்கம் ஒரு வரிக்கு மேல வரலைடி. வெளிய கொண்டுபோய் நிறுத்திட்டு, அப்புறம் அவளை எங்க உட்கார வைக்கிறது?’

‘வராட்டி என்ன, தப்பும் தவறுமா எழுதேன். நான் திருத்தறேன்.’

‘எழுதினா திருத்துவ’ என்றாள். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அந்த வார அத்தியாயம் சொன்ன நேரத்துக்கு முன்பே எனக்கு வந்தது. அந்தப் பெண் கேட்டிலிருந்து திரும்பி உள்ளே வருகிறாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று பதில்களை ஒவ்வொன்றாகத் தயார் செய்துகொண்டு கூடத்துக்கு வருகிறாள். யாரும் கேட்கவில்லை. இத்தனை அத்தியாயங்களாக அவள் வாசலில் நின்றதையே அந்த வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அக்கா எழுதியதிலேயே அதுதான் மிக நல்ல அத்தியாயம். திருத்த ஒன்றும் இல்லை.

முடிவில் கொடுக்க வேண்டிய இரண்டு வழிகளில் முதலாவது இருந்தது: பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கிவிடுகிறாள். இரண்டாவதற்கு நேரே ஒன்றும் இல்லை. கீழே எனக்கு ஒரு குறிப்பு: ‘இதுக்கு எனக்கு எதுவும் தோணலை. நீயே ஏதாவது போட்டுடு.’

நான் ‘நாளை மறுபடி பையை எடுக்கிறாள்’ என்று போட்டு அனுப்பினேன். அவள் ‘சரி’ என்று பதில் எழுதி, அப்படியே குழுவில் போட்டாள்.

அட்மின் சார் அந்த வாரம் ஓட்டு நேரம் முடியும்வரை காத்திருக்கவில்லை. நான் போட்ட வழிக்கே ஓட்டுகள் குவிந்ததால், முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு, வாசகர்களின் ஆதரவால் தெளிவு அவர்களின் தொடர் இன்னும் ஒரு சுற்று நீட்டிக்கப்படுகிறது என்றார்.