புதுத் தொட்டித் தண்ணீர்

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன ஒன்பதாம் நாள் முதல் மீன் செத்தது. பதினோராம் நாள் இரண்டு. எங்கள் கோகந்து நகரத்தில் கார் பழுதானாலும் சரி, பசு கன்று போடாவிட்டாலும் சரி, முதலில் பார்ப்பது காரையோ பசுவையோ அல்ல, வீட்டுக்குப் புதிதாக வந்தவளின் காலடியை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் புது மருமகள் முறைப்படி வெள்ளை முக்காடு போட்டு, முற்றத்தில் நின்று மூன்று முறை குனிந்து நான் வணக்கம் சொன்னபோது, மாமியார் ஹோசியத் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தாள்.

மீன்கள் மாமனாருடையவை. எர்காஷலி என்று பெயர். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே நகரப் பேருந்து ஓட்டியவர். நாள் முழுக்க ஆட்களின் கூச்சலைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் வாய் பேசாத பிராணியை வளர்க்க ஆரம்பித்தாராம். இதைச் சொல்வது மாமியார், அதுவும் அவர் காதில் விழுகிற மாதிரி. விருந்தினர் அறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, அதில் பன்னிரண்டு ஏஞ்சல் மீன்கள். மகன் பிறந்த நாளைக் கேட்டால் யோசிப்பார். எந்த மீன் எந்த முட்டையில் வந்தது என்று கேட்டால் யோசிக்கமாட்டார். பெரிய கை, பெரிய மீசை. மீனுக்குத் தீனி போடும்போது மட்டும் அந்தக் கை உப்புப் போடுகிற பெண்பிள்ளையின் கை மாதிரி ஆகிவிடும். என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் சாப்பிடும்போது ரொட்டியின் நடுத்துண்டைப் பிய்த்து என் பக்கம் நகர்த்துவார். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஆதரவு அந்த ரொட்டித்துண்டுதான்.

மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன, திடீரென்று கண்ணாடியில் போய் முட்டின. உடம்பில் வெள்ளையாக ஏதோ படிந்தது. மாமனார் மருந்து போட்டார், உப்புப் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரை மாற்றினார். குழாய்த் தண்ணீரை முற்றத்துத் தொட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து, வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றுவார். ஊற்றிய மறுநாள் இன்னொன்று மிதக்கும். இருபதாம் நாளுக்குள் ஏழு போய்விட்டன.

நான் பிறந்த தெருவில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் கல்யாணமாகிப் போன மாதம் பனியில் அந்த வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரை விழுந்தது. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார்கள். கூடவே அவளுடைய சீதனப் பெட்டியையும் அனுப்பினார்கள். பெட்டி போய்விட்டால் பெண் திரும்பி வருவதில்லை, இது எல்லோருக்கும் தெரியும். என் அறையில் என் பெட்டி கிடந்தது. அது கண்ணில் படாதபடி மேலே போர்வையைப் போட்டு மூடிவைத்தேன்.

என் கணவன் உமித்திடம் அழுதேன். அம்மாவிடம் பேசுகிறேன் என்றான். பிறகு ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனான். நல்லவன்தான், ஆனால் அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை.

மாமனாரின் அக்கா துர்சுனாய் செவ்வாய்க்கிழமை வந்தாள். கண்ணேறு கழியக் காய்ந்த இசிரிக் செடியைக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை போட்டாள். என் தலையைச் சுற்றிப் போட்டபோது வேண்டுமென்றே கண்ணில் படும்படி போட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு நான் கேட்கும்படியே மாமியாரிடம் சொன்னாள்.

"மீன் நல்லா இருந்துச்சு. பொண்ணு வந்தா. மீன் போச்சு. இதுக்குக் கணக்கு வாத்தியார் வேணுமா? இன்னிக்கு மீனு, நாளைக்கு உன் மகன்."

வியாழக்கிழமை துர்சுனாய் தன் மகனின் காரோடு வந்து என்னைக் கூட்டிப்போய் அம்மா வீட்டில் விடுவது என்று முடிவானது. மாமனார் மீன் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. துக்கம் கேட்கிற மாதிரி மீனைப் பற்றிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தேநீர் போட முற்றத்துத் தொட்டியில்தான் தண்ணீர் மொண்டேன். எங்கள் ஊரில் பச்சைத் தேயிலைதான். கிண்ணத்தில் வெளிர் மஞ்சளாக நிற்க வேண்டும். இது செம்பழுப்பாக இறங்கியது. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ போடக்கூடத் தெரியாமலா வளர்த்தார்கள் என்று மாமியார் அவர்கள் முன்னாலேயே கேட்டாள். நான் ஓடிப்போய்ப் பாத்திரத்தைக் கழுவி, புதுத் தேயிலை போட்டு மறுபடி இறக்கினேன். அதே நிறம். என் கை பட்டால் தேயிலையும் கறுக்கிறதே, ஒருவேளை இவர்கள் சொல்வது நிஜம்தானோ என்று நானே நினைத்தேன்.

பிறகுதான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தினமும் விடியலில் அந்தத் தொட்டித் தண்ணீரால் முற்றம் தெளிக்கிற கை. அந்தத் தண்ணீர் சோப்புப் போட்ட மாதிரி வழவழவென்று இருக்கும். என் அம்மா குளிர்காலத்தில் பால் தேநீருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவாள். போட்டதும் தேநீர் சிவக்கும். அந்தத் தண்ணீரிலும் சோடா மாதிரி ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் வெளியே சொல்லப் பயம். இதைச் சொன்னால், நீதானே கலந்தாய் என்று கேட்பார்களே.

இருந்தாலும் நாளைக்கு வியாழன். இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது?

விருந்தாளிகள் போனதும் மூன்று கிண்ணம் எடுத்தேன். ஒன்றில் முந்தின நாள் பிடித்துக் குடத்தின் அடியில் மிஞ்சியிருந்த குழாய்த் தண்ணீர், ஒன்றில் மீன் தொட்டித் தண்ணீர், ஒன்றில் முற்றத்துத் தொட்டித் தண்ணீர். குடத்துத் தண்ணீரில் கெட்டியாகத் தேநீர் இறக்கி, மூன்றிலும் இரண்டிரண்டு கரண்டி விட்டேன். முதலாவது மஞ்சள். இரண்டாவது பழுப்பு. மூன்றாவது அதைவிடக் கறுப்பு. தட்டில் வைத்து மாமனாரிடம் கொண்டுபோனேன்.

"அப்பா, நான் ஒண்ணும் கலக்கல. மூணுலயும் ஒரே டீதான். தண்ணிதான் வேற."

அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். எலுமிச்சையை எடுத்து மூன்றாவது கிண்ணத்தில் பிழிந்தார். புளிப்புப் பட்டதும் நிறம் வெளுத்தது. முற்றத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மீன் தொட்டித் தண்ணீரை இன்னொன்றில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளில் போய்விட்டார். அக்காவிடம் சொல்லத்தான் போகிறார், விஷம் வைத்தவள் என்று சொல்லப்போகிறார் என்று நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து உறைந்துபோனேன். இரண்டு மணி நேரம். தொழுகைக்கு நின்றேன், ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

அவர் போனது சந்தையில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கு. தண்ணீரைச் சோதிக்கிற சிறிய சொட்டு மருந்துப் புட்டியோடு திரும்பினார். என் கண் முன்னால் சொட்டு விட்டார். குடத்துத் தண்ணீர் இளம்பச்சை ஆனது, மீன் தொட்டித் தண்ணீர் நீலம், முற்றத்துத் தண்ணீர் கருநீலம். தண்ணீரில் சோடா மாதிரிக் காரம் ஏற ஏற நீலமாகும் என்றார். பிறகு முற்றத்துக்குப் போய்த் தொட்டியின் உட்சுவரை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளைப்பொடி.

எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீட்டைப் புதுப்பிப்பார்கள். சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்று, மாமனார் வருடக்கணக்காகத் தண்ணீர் பிடித்துவைத்த பழைய தகரப் பீப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டு, கொத்தனாரை வைத்துப் பளபளவென்று சிமென்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். ஒரு முறைகூட ஊறவைத்துக் கழுவாத பச்சைச் சிமென்ட். சுண்ணாம்பெல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அந்தக் காரத்தில் மீனின் கழிவே மீனுக்கு விஷமாகிவிடுமாம்.

"ஒவ்வொண்ணு சாகும்போதும் இன்னும் ரெண்டு வாளி ஊத்தினேன்," என்றார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே மீன் தொட்டியின் எல்லாத் தண்ணீரையும் இறக்கிவிட எழுந்தார். கடைக்காரர் அது கூடாது என்று சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து நின்றார். சட்டென்று மாறினால் மிச்சமும் சாகும், தினம் ஒரு வாளி மட்டும் மாற்ற வேண்டும். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்ததும் கல்யாணத்துக்கு வாங்கிய எனாமல் பாத்திரங்களிலெல்லாம் பிடித்து வரிசையாக வைத்தோம். ஆனால் ஒரு வாளியில் என்ன தெரியும்? வியாழன் காலை இன்னொன்று செத்து மிதந்தது. மிச்சம் நாலு. மாமியார் என் பெட்டிக்குக் கயிறு கட்டியிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது.

துர்சுனாய் உள்ளே வந்தாள். கிளம்பு என்றாள். நான் செருப்பைத் தேடினேன், கண் தெரியவில்லை. மாமனார் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தார்.

"மீனைக் கொன்னது நான்தான் அக்கா. வாளி வாளியா நானே ஊத்திக் கொன்னேன். வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ."

இவள் வந்த பிறகுதானே செத்தது என்று அவள் விடாமல் கேட்டாள். கல்யாணத்துக்காகத்தான் தொட்டி கட்டினோம், கல்யாணம் நடந்தால் மருமகள் வரத்தானே செய்வாள் என்றார். இன்றைக்கும் ஒன்று செத்திருக்கிறதே என்றாள் மாமியார்.

"நாளைக்கு நாலும் சாகட்டும். இவ இங்கதான் இருப்பா."

கார் பெட்டியில்லாமல் போனது. நான் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.

நாலும் பிழைத்தன. மூன்று வாரத்தில் சொட்டு விட்டால் மீன் தொட்டித் தண்ணீர் பச்சையாக நின்றது. வெயில் காலத்தில் ஒரு ஜோடி இலையில் முட்டை வைத்தது. சேதி கேட்டுத் துர்சுனாய் அல்வாவோடு வந்தாள். மாமியார் பக்கத்தில் நிற்க, என் நெற்றியில் முத்தமிட்டு, உன் காலடி பொன்னடி, அதனால்தான் மீன் பெருகுது என்றாள். இன்றைக்குப் பொன்னடி, நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?

மருமகள் பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக்கூடாது. இருந்தும் பேசினேன்.

"என் காலை விட்டுடுங்க அத்தை. அதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. வெறும் காலு."

துர்சுனாய் அல்வாவைக் கீழே வைத்தாள். மாமனார் ரொட்டியின் நடுத்துண்டைப் பிய்த்து, முதலில் அக்காவுக்கு நீட்டாமல், எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தார்.