ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து

மாலை நான்கு இருபதுக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பியபோது, மகள் இட்டலிச் சட்டியைத் திறந்து ஆவியில் அவித்த தேயிலைக் கொழுந்தைக் காட்டினாள். ஒரு வாரமாக இருவரும் ஜப்பான் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வாசித்து வந்தோம். அங்கே கொழுந்தைப் பறித்த அன்றே அவித்து, பச்சை நிறம் மாறாமல் உலர்த்துவார்கள் என்று முந்தைய நாள் வாசித்துக் காட்டியது நான்தான். நம்பர் போட்ட மலைகளாகப் பிரித்திருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து பெக்டரிக்குத்தான் போகும். எங்கள் அடுப்படிக்கு வந்ததே இல்லை.

"எங்க பறிச்ச?"

"ஏழாம் நம்பர் மலையில. கொஞ்சத்த வெந்நீர்ல போட்டு அரைக் கப் குடிச்சுப் பாத்தேன். புத்தகத்துல சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா."

காலையில் பூச்சிமருந்து டேங்குகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் அந்தப் பக்கம் ஏறியதைப் பார்த்திருந்தேன். ஆட்டோவுக்கும் மருந்தடிக்கும் அண்ணனுக்கும் போன் செய்துவிட்டு, தலை சுத்துதா, வயிறு வலிக்குதா என்று அவளைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றேன்.

ஆட்டோவுக்கு முன்னால் அந்த அண்ணன்தான் ஓடி வந்தார்.

"மழை வந்துருச்சுன்னு ஆறாம் நம்பரோட நிறுத்திட்டோம் டீச்சர். ஏழுல இன்னும் அடிக்கல. ஆனா காத்து எந்தப் பக்கம் கொண்டு போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம், நானும் வர்றேன்."