மணக்கும் கைகளுக்கு வேலை இல்லை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில், தலையில் பாதி முடி போன பிறகு, நான் விஞ்ஞானி ஆகப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுப்பது சரித்திரம். கிருமிகளோடு எனக்கு முன்பின் பழக்கம் கிடையாது. ஆனால் பெனிசிலினைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நாலு பக்கம் படித்துவிட்டேன். ஹட்டன் குளிரில், போர்வைக்குள் சுருண்டுகொண்டு நாலு பக்கம் படித்தவன் சும்மா இருப்பானா? உலகத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவான்.

திருத்துவதற்கு ஒரு ஜோடிக் கையும் கிடைத்தது... மாரியாயியின் கை.

மாரியாயி எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு கொண்டுவந்து போடுவாள். புருஷன் இறந்துவிட்டான். மாமியாரும் அவளுமாக தோட்டம் கொடுத்த லயத்து வரிசையில், ஒரே அறைக் காம்பிராவில் குடியிருக்கிறார்கள்.

பனிக்காலத்தில் கொழுந்து எடுப்பவர்களின் விரல் நுனி வெடிக்கும். வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாக இறங்கும். அதையெல்லாம் தோட்டத்தில் யாரும் புண் என்று கணக்கில் வைப்பதில்லை. இவளுக்கோ இரண்டு கட்டைவிரல்களிலும் சீழ் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இறக்கிவைத்த விறகுக்கட்டின் மேல் ரத்தம்.

"டிஸ்பென்சரில காட்டலையாடி?" என்றாள் என் மனைவி.

"காட்டுனேங்கம்மா. செவப்பு மருந்து தடவிட்டு, ஈரத்துல கை வைக்காதன்னாங்க." சிரித்தாள். "பனியில நனைஞ்ச கொழுந்த வேற எதால கிள்ளுறது? பல்லாலயா?"

சிரித்தாளே தவிர, விஷயம் சிரிப்பதற்கு இல்லை. விரல் வலித்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அரைப்பேர். பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. அரைப்பேராகவே விழுந்துகொண்டிருந்தால் ஒருநாள் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருந்து பேரையே எடுத்துவிடுவார்கள். பேர் போனால் காம்பிராவும் போகும். "ஒன் காம்பிராவுக்கு ஆள் காத்துக்கிட்டு நிக்குது" என்று கங்காணி ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

"பயப்படாதே. நான் மருந்து செய்து தருகிறேன்" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வேம்பு மலைநாட்டில் முளைக்காது. யூகலிப்டஸ் மரத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதன் இலையை இடித்துத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தேன். வல்லாரைச் சாறு சேர்த்தேன், கொஞ்சம் மஞ்சள், கெட்டிப்படத் தேன்மெழுகு. வீட்டில் உப்பு முதல் தலையணை வரை தைல வாசனை. ரசத்தை ஒரு வாய் குடித்த என் மனைவி, "எனக்குத்தான் சளியே பிடிக்கலையேங்க?" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன்... பரிசோதனையை ஒழுங்காகச் செய்தேன். ஆட்டுக்கால் சூப்பில் கடற்பாசியைக் காய்ச்சிச் சாஸர்களில் ஊற்றினேன். உறைந்ததும் மாரியாயியின் புண் விரலை ஒவ்வொன்றிலும் ஒற்றி எடுத்தேன். ஒரு சாஸரின் நடுவில் என் களிம்பு. இன்னொன்றில் வெறும் தேங்காய் எண்ணெய். மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்தேன்.

சில நாளில் எண்ணெய்ச் சாஸர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிருமிக் குடித்தனம். களிம்புச் சாஸரிலோ நடுவில் வட்டமாக ஒரு சுத்தமான இடம். பௌர்ணமி நிலா மாதிரி! நான் சத்தம் போட்டேன். மனைவி ஓடிவந்து பார்த்தாள்.

"இது நம்ம கல்யாணத்துக்கு வந்த சாஸர் செட்டுங்க" என்றாள்.

போகட்டும். கை ஆறியதா, இல்லையா? ஆறியது! முதலில் சீழ் நின்றது, பிறகு வெடிப்பு மூடியது. மாரியாயி முழுப்பேர் வாங்கினாள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் பெண்களும் கேட்க, அவள் டப்பாவைச் சுற்றுக்கு விட்டாள். நான் இன்னொரு சட்டி காய்ச்சினேன். என் படம் பத்திரிகையில் வந்தால் எந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பது என்றுகூடக் கண்ணாடியில் பார்த்துவைத்தேன்.

அப்புறம்தான் தோட்டத்தில் இருந்து ஆள் வந்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கூப்பிடுகிறாராம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். தராசைத் தொடுவதற்கு முன்னால் கண்டாக்கையா ஒவ்வொருத்தியின் கையையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாரியாயி வரிசையில் கடைசியாக நின்றாள்.

"வாங்க மாஸ்டர். நீங்க தோட்டத்துல பொறந்து வளந்தவர்தானே?"

"ஆமாம்."

"ஒங்க வீட்டுல தேத்தூளுக்குப் பக்கத்துல சவுக்காரக் கட்டி வைப்பீங்களா?"

எனக்கு அந்த நொடியிலேயே உறைத்துவிட்டது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். இந்த மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். கினிகத்தேனை டவுன் கடைக்காரர்கள் கருவாட்டை ஒரு மூலையிலும் தேத்தூளை எதிர்மூலையிலும் வைப்பது எதற்காகவாம்? ஆயுள் முழுக்கத் தேத்தண்ணி குடித்தவன், அதைப் பறிக்கும் கையிலேயே தைலத்தைப் பூசி அனுப்பியிருக்கிறேன்!

"வைக்க மாட்டேன்" என்றேன்.

"இஸ்டோருல அரைக்கப் போட்ட ஒரு நாள் கொழுந்து பூராவும் இருமல் மருந்து மாதிரி மணக்குது. டீமேக்கரையா தலையில கை வச்சு ஒக்காந்திருக்காரு. தொரை என்னைக் கிழிக்கிறாரு."

"ஐயா, இவங்களோட கை ஆறியிருக்கு. அதையும் பாருங்க."

"ஆறுனது தெரியுது மாஸ்டர். கொழும்புல தேத்தண்ணிய ருசி பாக்குறவனுக்கு இவளுக கையவா அனுப்புறது?"

அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். "டப்பாவக் கொண்டாந்தது யாரு?"

"நான்தாங்கையா குடுத்தேன்" என்றாள் மாரியாயி.

மற்றவர்களுக்கு ஏச்சோடு போயிற்று. அவளுக்கு மட்டும், கையில் வாசனை போகிற வரைக்கும் கொழுந்துக்கு வரக்கூடாது என்று உத்தரவு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவாள். கங்காணி கையை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். வாசனை போயிற்று... கூடவே புதுத்தோலும் போயிற்று. பழைய இடத்திலேயே மறுபடி சீழ், மறுபடி அரைப்பேர்.

நான் சும்மா இருக்கவில்லை. வாசனை இல்லாத களிம்பு செய்தேன். மூக்கை உள்ளேயே விட்டாலும் ஒன்றும் தெரியாத அளவுக்கு எண்ணெயைக் கொதிக்க வைத்தேன். சாஸரில் பரிசோதித்தேன். கிருமிகள் அதன் மேலேயே ஏறிக் குடியிருந்தன. வல்லாரையைக் கூட்டினேன், மஞ்சளை மட்டும் போட்டுப் பார்த்தேன், யார் யாரோ சொன்ன தழையையெல்லாம் இடித்தேன். எதிலும் வட்டம் விழவில்லை. எது மணக்கிறதோ அதுதான் கொல்கிறது. எது மணக்கவில்லையோ அது ஒன்றையும் கொல்லவில்லை... எங்களைத் தவிர.

யோசித்துப் பார்க்கிறேன். கொழுந்துக்கு எத்தனை காவல்! மோந்து பார்க்க ஒருவர், நிறுத்துப் பார்க்க ஒருவர், ருசி பார்க்கக் கொழும்பிலே ஒருவர். அதைக் கிள்ளும் விரலைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சுதந்திரம் வந்த சூட்டோடு தோட்டத் தமிழர்களான எங்கள் வோட்டைப் பறித்தார்களே, கையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இப்போது இல்லை.

போன மாதக் கடைசியில் மாரியாயியின் பேரை எடுத்துவிட்டார்கள். நான் துரை பங்களா வரைக்கும் போய்ப் பார்த்தேன். வாசற்படியில் நின்று, கொண்டுபோயிருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லயத்துக்குப் போனபோது அவள் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரோடு வட்டகொடையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே ஒரு காம்பிராவில் ஏற்கெனவே ஏழு பேர். கட்டைவிரல்களில் துணி சுற்றியிருந்தாள். சாக்குக்கு முடிச்சுப் போட விரல் வளையாததால் பல்லால் இழுத்தாள். நான் குனிந்து போட்டுக் கொடுத்தேன். அதுவும் சரியாக விழவில்லை.

"என்னாலதான் ஒனக்கு இந்தக் கதி" என்றேன். "ஒண்ணு விடாம செஞ்சு பாத்தேன்..."

"அட விடுங்க மாஸ்டர்" என்றாள், அடுத்த சாக்கை இழுத்துக்கொண்டே. "அந்தக் களிம்பு மிச்சம் கெடந்தா ஒரு டப்பா குடுங்க. மாமியாருக்கு மூக்கடைப்பு."