நாற்றுப் பச்சை

மகள் கணினியில் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தாள். கீழே தெரிந்த வயல்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பச்சை. எனக்கு எரிச்சலாக வந்தது. கூடவே அம்மாவின் ஞாபகமும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் அம்மா நாற்றுப் பச்சையில் புடவை கேட்டாள்.

"முளைக்கிற நாத்தா, பறிக்கிற நாத்தாங்க?" என்றார் கடைக்காரர்.

"பறிக்கிற நாத்துங்க. உரம் போடாதது."

மஞ்சள் ஓடிய பச்சையில் ஒரு புடவை வந்தது. அதை வாசல் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் அம்மா தலையாட்டினாள்.

என் பீரோவில் இருந்த அந்தப் புடவையை எடுத்துவந்து மகளிடம் காட்டினேன். விளையாட்டின் வண்ணத்தை மாற்றி மாற்றி, அதே பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டாள். விமானம் வயலுக்கு மேலே தாழ்வாக வட்டமடித்தது.

"குண்டு போடலையா?" என்றேன்.

"நம்ம ஊரு மாதிரி இருக்கும்மா. வேற ஊருல போட்டுக்கறேன்."