மேல, கீழ, சரி

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டுகிறவரின் கடைக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கூரையிலிருந்து இரண்டு குட்டி விமானங்கள் தொங்கும். "பறக்குமா?" என்று கேட்காதவர் கிடையாது. "கம்பி கட்டித்தான் பறக்கும்" என்பார் அவர். "அதுக்குப் பேசாம ஒரு ஆட்டைக் கட்டி மேய்க்கலாமே" என்று எதிர்க்கடை வெல்டர் சொல்லிச் சொல்லி, அந்தக் கேலியே தேய்ந்துபோயிருந்தது.

விஷயம் இதுதான். நடுவில் நிற்கிறவர் கையில் ஒரு மரக் கைப்பிடி. அதன் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். கைப்பிடியைச் சாய்த்தால் வால் தகடு அசையும். விமானம் ஏறும், இறங்கும், அவரையே சுற்றிச் சுற்றி வரும். கிளம்பும்வரை அதைத் தரையில் பிடித்திருக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் அவர் மனைவி.

அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள். இறக்கைச் சட்டத்தின்மேல் மெல்லிய தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. மைதானத்தில் வாலருகே குனிந்துகொள்வாள். அவர் தூரத்தில் நின்று கைப்பிடியைச் சாய்த்துப் பார்ப்பார்; வால் தகடு அவர் கண்ணுக்கு எட்டாது. அச்சு இயந்திரங்களுக்கு நடுவே பேசிப் பழகிய குரலில், எஞ்சின் இரைச்சலையும் மீறி அவள் கத்துவாள்: "மேல... கீழ... சரி." அந்தச் 'சரி' வராமல் ஒரு விமானமும் கிளம்பியதில்லை.

"வீட்ல என்ன சொன்னாலும் உன் வாயிலேருந்து இந்த வார்த்தை லேசுல வராது" என்பார் அவர்.

"இங்கதான அதுக்கு மரியாதை" என்பாள் அவள்.

மூன்றாவது விமானத்துக்கு இறக்கை ஒட்டி முடித்தபோதே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "எஞ்சின் வந்துச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தது, அவள் போன பிறகு. பார்சலைப் பிரிக்கவே அவருக்கு மனம் வரவில்லை. பிரித்த பின்னால், அவள் ஒட்டிய இறக்கை ஒரே ஒரு சுற்று வந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. எஞ்சினை விமானத்தின் மூக்கில் வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். புதுக் கைப்பிடி ஒன்றும் இழைத்தார். பழையதில் மேல்முனை எதுவென்று தெரிய அவள் நகப்பூச்சு தடவியிருந்தாள். புதியதில் தடவ அவருக்குத் தோன்றவில்லை.

பிடித்துக்கொள்ள மைத்துனன் வந்தான். அக்கா போனதிலிருந்து அவன் மாமாவின் பேச்சைத் தட்டுவதேயில்லை. விசிறியைச் சுண்டியதும் எஞ்சின் சீறிப் பிடித்தது. எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் புகையாக மணத்தது. அவர் நடுவுக்குப் போய்க் கைப்பிடியை எடுத்துச் சாய்த்தார்.

"அசையுதா?"

மைத்துனன் பலமாகத் தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தான்.

விமானம் ஓடி, தானாகவே தரையை விட்டது. ஏற்றுவதற்காக அவர் கை பழக்கத்தில் சாய்ந்தது. ஏற வேண்டியது, மூக்கைக் குத்திக்கொண்டு மண்ணில் இறங்கியது. கால் சுற்றுகூட ஆகவில்லை.

மைத்துனனின் முகம் வெளுத்துவிட்டது. "அசையுதான்னுதான கேட்டீங்க மாமா. அசைஞ்சுது."

"உன்மேல தப்பில்லப்பா."

இல்லைதான். கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்தது அவர். என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை, அவளே சொல்லிவிடுவாள்.

எஞ்சின் மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு பக்க இறக்கை கிழிந்து கிடந்தது. கம்பிகள் மட்டும் அறுபடவில்லை; வாலும் அப்படியே இருந்தது. அவர் கைப்பிடியைத் திருப்பிப் பிடித்தார்.

"வால்கிட்டப் போய் நில்லு. தகடு எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லு" என்றார்.

சாய்த்தார்.

"மேல" என்றான் மைத்துனன்.

மறுபக்கம் சாய்த்தார்.

"கீழ."

அவர் கைப்பிடியை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்ன மாமா சொல்லணும்?" என்று கேட்டான் அவன்.

சொல்ல வாயெடுத்தவருக்கு அழுகைதான் வந்தது.